வளைவைத் தாண்டுமுன்

சென்ற ஆண்டு மறைந்த ஒருவருக்காக எங்கள் சிற்றாலயத்தார் அச்சிட்ட நினைவுமடலில், "மென்மொழி பேசியவர், எவரையும் கடிந்தறியாதவர்" என்று ஒரு தொடர் இடம்பெற்றுள்ளது. வழுவழுப்பான தாளில், எழுத்துப்பிழை ஒன்றும் இன்றி அச்சாகியிருக்கும் அத்தொடர் முழுப் பொய். அதனைத் திருத்தவே இக்குறிப்பை எழுத முற்பட்டேன். அவர் மென்மையாகப் பேசி நான் கேட்டதில்லை. கேட்டதாகச் சொன்ன எவரையும் இதுவரை சந்தித்ததுமில்லை. கடிந்துகொள்வது அவருக்குத் தொழில். அதில் அவர் தேர்ந்தவர். இறந்தவரைப் போற்றுகிறோம் என்று சொல்லி, உயிரோடு உலவிய மனிதரை அழித்தெழுதுவது முறையன்று. மேலும், அம்மனிதரிடமிருந்து அந்த இரைச்சலை நீக்கிவிட்டால், எபிரேய இறைவாக்கினர் காட்டும் கடவுளைப் பற்றி அவர் வழியாக நான் விளங்கிக்கொண்டதும் கூடவே நீங்கிவிடும். அது எனக்கு இழப்பு.

அவருடைய பெயரை எழுதவில்லை. மலையில் எவரும் அப்பெயரால் அவரை அழைத்ததில்லை. நேரில் "கங்காணி" என்பார்கள். அவர் அப்பால் போனபின் "இடிக் கங்காணி" என்பார்கள். அதுவும் அவர் காதில் விழும். அவருக்கு அதில் உள்ளூரப் பெருமை.

கொட்டகலைக்கு மேலே, பெருந்தெருவை விட்டு விலகி ஏறும் பாதையின் முடிவில் இருக்கிறது எங்கள் தேயிலைத் தோட்டம். கிழக்கு மலையில் எங்கள் பிரிவு; நடுவே ஓர் ஆழ்ந்த பள்ளமும் ஓடையும்; எதிரே மேற்கு மலையில் வேறொரு தோட்டத்தின் லயங்கள், தொழிலாளரின் வரிசைவீடுகள். கண்ணுக்கு மிக அண்மை. ஓடைப்பாலம் வழியே நடந்து ஏறிவிடலாம்; பேருந்தில் போவதானால் கீழே இறங்கிச் சுற்றிக்கொண்டு அரைநாள் போகவேண்டும். நான் கொட்டகலையில் தமிழ் கற்பித்து ஓய்வுபெற்றவன். எங்கள் சிற்றாலயத்தின் மூப்பருள் ஒருவன். அவர் கொழுந்து கொய்யும் பெண்களை மேய்க்கும் கங்காணி.

விடியற்காலையில் தொழிலாளர் கூடிநின்று அன்றைய வேலையைப் பெற்றுக்கொள்ளும் இடத்தை மலையகத்தார் பெரட்டு என்பர். அங்கே ஒருவருக்குப் பேர் போடப்பட்டால் அன்று அவருக்கு வேலையும் கூலியும் உண்டு. இல்லையேல் இரண்டும் இல்லை. பிந்தி வருபவளையும், முற்றிய இலையைக் கூடையில் திணிப்பவளையும் கங்காணி திருப்பி அனுப்பலாம். இவர் அனுப்புவார். மலை அதிர அனுப்புவார்.

"ஒனக்குப் பேர் இல்ல! போ லயத்துக்கு! இனி இந்த மலைப்பக்கம் ஒன் நெழலு விழக்கூடாது!"

திட்டு வாங்கியவள் கூடையைத் தோளில் மாட்டிக்கொண்டு திரும்பி நடப்பாள். பெரட்டிலிருந்து லயத்துக்குப் போகும் பாதையில், ஒரு பாறையைச் சுற்றிக்கொண்டு திரும்பும் வளைவு ஒன்று உண்டு. அந்த வளைவைத் தாண்டிவிட்டால் ஆள் தெரியாது. அதைத் தாண்டுமுன் பின்னாலிருந்து அதே குரல், அதே உரப்பில் வரும்.

"ஏய்! திரும்பு! பேர் போட்டாச்சு!"

தப்பாமல் வரும். ஆதலால் அவருடைய குழுவில் வேலைசெய்த பெண்களெல்லாம் மெதுவாக நடக்கும் கலையில் வல்லவர்களாயினர். ஒருத்தி சேலையைத் திருத்துவாள். ஒருத்தி அடுப்புக்கு மிலாறு, அதாவது காய்ந்த தேயிலைக் குச்சி, பொறுக்குவாள். ஒருத்தி காலிலே அட்டை ஏறிவிட்டதென்று குந்திக்கொள்வாள். அவரும் வேறெங்கோ பார்ப்பவர்போல நின்று, ஓரக்கண்ணால் வளைவையே பார்த்திருப்பார்.

நல்லதண்ணிப் பக்கமிருந்து வாழ்க்கைப்பட்டு வந்த புதுப்பெண் ஒருத்திக்கு இவ்வழக்கம் தெரியாது. அவள் மானமுள்ளவள். "போ" என்றதும் விறுவிறுவென்று போய்விட்டாள். கங்காணி வாய் திறப்பதற்குள் வளைவில் அவளைக் காணவில்லை. பருத்த உடம்பைத் தூக்கிக்கொண்டு அவர் பின்னால் ஓடினார். ஒரு காற்செருப்பு தேயிலைச் செடிக்குள் பறந்தது. லய வாசலில் அவளைப் பிடித்து, சுவரைப் பற்றிக்கொண்டு மூச்சிரைக்க அவர் சொன்னதைப் பெண்கள் பல்லாண்டு நடித்துக் காட்டிச் சிரித்தார்கள்.

"ஏ புள்ள, வெரட்டுனா கொஞ்சம் மெதுவாப் போகக்கூடாதா? மனுசனுக்கு மூச்சு வாங்குதுல்ல? வா, பேர் போட்டாச்சு. அந்தச் செருப்ப எங்கன்னு பாரு."

இவரே எங்கள் ஆலயத்தில் பழைய ஏற்பாட்டுப் பாடம் வாசிப்பவர். போதகர் நகரிலிருந்து மாதத்துக்கு ஒருமுறைதான் வருவார். மற்ற ஞாயிறுகளில் நாங்களே வழிபாட்டை நடத்திக்கொள்வோம். எந்த ஞாயிற்றுக்கு எந்தப் பகுதி, எங்கே தொடங்கி எங்கே நிறுத்துவது என்று திருச்சபை வகுத்திருந்தது. தொடங்கும் இடத்தை மட்டும் கங்காணி மதித்தார். இறைவன் சினந்து பேசும் இடத்தில் பகுதி முடிந்தால், அவர் முடிக்கமாட்டார். இறைவன் இரங்கும் இடம் வரும்வரை வாசித்துக்கொண்டே போவார். பத்து வசனமானாலும் போவார். பத்து அதிகாரமானாலும் போவார். இரக்கம் வந்ததும், தம் வீட்டுக்கே நல்ல சேதி வந்ததுபோல முகம் மலர்ந்து நூலை மூடுவார்.

போதகர் ஒருமுறை பொறுமையிழந்து, "வகுத்த பகுதியோட நிறுத்துங்க கங்காணியாரே" என்றார்.

"பகுதி பிரிச்சவருக்கு பஸ்ஸுக்கு நேரமாயிருக்கும் ஐயா," என்றார் இவர். "நமக்கு எங்க போகணும்? நடந்தா வீடு."

பிறகு எங்களையெல்லாம் பார்த்துச் சொன்னார்: "லயத்துல ஒரு வீட்டுல சண்டை. நீங்க பாதியில போறீங்க, பாதியில எந்திரிச்சு வந்துர்றீங்க. வந்து ஊரெல்லாம் என்ன சொல்வீங்க? அந்தாளு கோவக்காரன்னு சொல்வீங்க. அவன் அதுக்கப்புறம் அழுததையும், பொண்டாட்டிக்கு தேத்தண்ணி ஊத்திக் கொடுத்ததையும் யாரு பாத்தா? சாமிய நாம பாதிச் சண்டையில பாத்துட்டு வந்துரக்கூடாது."

இறைவாக்கினர் நூல்களில் ஓசேயாவும் மீகாவும் எங்களை அதிகம் சோதிக்கவில்லை. எரேமியாதான் பெருந்துன்பம். அந்நூலில் ஆறுதல் வந்துசேர நெடுந்தொலைவு போகவேண்டும். "எரேமியா வருதுன்னா சோத்த வடிச்சு வச்சுட்டு வா" என்பது எங்கள் லயங்களில் பழமொழியாகவே ஆகிவிட்டது. அடுத்த காம்பராவில் குடியிருந்த சைவ அன்பர்கூட, "இன்னைக்கு ஒங்க கோயில் விட நேரமாகுமா? எரேமியாவா?" என்று கேட்பார்.

நான் கற்றவன் என்ற நினைப்புடன் அவரோடு வழக்காடுவேன். இறைவாக்கினர் நூல்களைத் திறந்தால் எங்கும் அழிவு, வாள், பஞ்சம், நெருப்பு; அவற்றை எழுதியவர்கள் கடவுளை அச்சந்தரும் அரசராகவே கண்டனர் என்பது என் கட்சி. அவர் தம் கட்சியைத் தம் தொழிலிலிருந்தே கட்டுவார்.

"மாஸ்டர், அடிக்கணும்னு நெனைக்கிறவன் முன்கூட்டிச் சொல்லிட்டா அடிப்பான்? சொல்லாம வந்து அடிச்சுட்டுப் போவான். வருசக்கணக்கா ஆள்மேல ஆள அனுப்பி, அடிக்கப்போறேன், அடிக்கப்போறேன்னு ஒருத்தர் கத்துறாருன்னா அவருக்கு அடிக்க இஷ்டமில்ல. நான் கத்துறது எதுக்கு? அவ திரும்பிப் பாக்கணும்னு."

யோனாவின் கதை அவருக்கு மிகவும் உவப்பானது. நினிவே என்ற பெருநகரம் அழியும் என்று அறிவிக்க அனுப்பப்பட்ட இறைவாக்கினர் அவர். நகரத்தார் மனம் வருந்தினர். இறைவனும் இரங்கி விட்டுவிட்டார். அதைக் கண்டு யோனாவுக்குக் கடுஞ்சினம். இதை வாசிக்கும்போது கங்காணிக்குச் சிரிப்பு தாங்காது. வாசிப்பு இடையிடையே நின்றுவிடும்.

"அந்தாளு அசல் கங்காணி மாஸ்டர். தொரை சொன்னத மலை முழுக்கக் கத்திட்டு வந்துட்டான். தொரை மன்னிச்சுட்டாரு. இவனுக்கு மொகம் செத்துப்போச்சு. இனி எவன் நம்மள மதிப்பான்னு ஒரு செடிக்குக் கீழ போய் உக்காந்துகிட்டான். எனக்கும் அப்படி உக்காந்து பழக்கம் இருக்கு."

அக்கதையின் முடிவில் இறைவன், வலக்கை இடக்கை அறியாத அத்தனை மக்களோடு அங்குள்ள கால்நடைகளையும் நினைத்து இரங்குவதாகச் சொல்லும் இடம் வரும். "மாட்டையுமில்ல நெனைக்கிறாரு" என்று ஒவ்வொரு முறையும் புதிதாகக் கேட்டவர்போல வியப்பார். அவர் வீட்டுப் பின்புறம் ஒரு பசு நின்றது.

ஒருநாள் அவர் வீட்டில் ரொட்டியும் தேங்காய்ச் சம்பலும் உண்டுகொண்டிருந்தபோது நான் கேட்டேன்: "இறைவன் மாறாதவர் என்று மல்கியா சொல்கிறாரே; பிறகு எப்படி அவர் மனம் மாறுவார்?"

அவர் மென்றுகொண்டே யோசித்தார். "எதுல மாறாதவரு மாஸ்டர்? கோவத்துலயா?"

நான் நூலை எடுத்து அவ்வரியை முழுமையாகப் பார்த்தேன். 'மாறாதவர்' என்பதோடு அவ்வாக்கியம் முடியவில்லை. அவர் மாறாதவராதலால்தான் யாக்கோபின் மக்கள் இன்னும் அழியாதிருக்கிறார்கள் என்று தொடர்கிறது. அதாவது, மாறாதது அவருடைய இரக்கம். மாறி மாறி வருவன மிரட்டல்கள். இதை நான் விளக்கிச் சொன்னபோது, கங்காணி சம்பல் கையோடு என் தோளைத் தட்டி மகிழ்ந்தார். அந்தச் சட்டையின் கறை போகவேயில்லை.

"பாத்தீங்களா? நீங்களும் பாதியில எந்திரிச்சு வந்த ஆளுதான்."

இவ்வளவு சொன்னபிறகு, அவர் வாழ்வில் ஒரேயொருமுறை பாதியில் நின்றுவிட்டதையும் சொல்லவேண்டும். அதனை நினைவுமடல் சொல்லாது.

அவருக்கு ஒரே மகள். வீட்டில் அவள் பாப்பா. வளர்ந்து, தந்தையின் குழுவிலேயே கொழுந்து கொய்ய வந்தாள். தந்தையைப்போலவே குரல்; தந்தையைப்போலவே சிரிப்பு. நல்லதண்ணி வழியே மலையேறும் யாத்திரைக் காலம் தொடங்கிய மார்கழி நாள்களில், ஒரு காலை அவள் பெரட்டுக்குப் பிந்தி வந்தாள், கையில் கைப்பேசி, அதில் எதையோ பார்த்துச் சிரித்துக்கொண்டே வந்தாள். மற்றப் பெண்கள் தந்தையின் முகத்தைப் பார்த்தனர்.

"ஒனக்குப் பேர் இல்ல! போ லயத்துக்கு!"

பாப்பா கூடையை எடுத்துக்கொண்டு திரும்பினாள். பழகிய நடை, மெதுவாக நடந்தாள். வளைவருகே அட்டை பிடுங்கக் குந்தினாள். பெண்கள் காத்திருந்தனர். குரல் வரவில்லை. அவள் எழுந்து, வளைவில் மறைந்தாள்.

"கூப்பிடுங்க கங்காணி," என்றாள் ஒரு மூத்தவள்.

"எப்படிக் கூப்பிடுறது? எம் மகள்னு விட்டுட்டேன்னு நாளைக்கு நீங்கதான் பேசுவீங்க."

"எங்க அத்தன பேரையும் கூப்பிட்ட வாய்தானே? நாங்க என்னத்தப் பேசப்போறோம்?"

அவர் மலையேறிவிட்டார். பாப்பா லயத்திலும் நிற்கவில்லை. துணிப்பையை எடுத்துக்கொண்டு ஓடையைக் கடந்து, மேற்கு மலையிலிருந்த சின்னம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். அந்தத் தோட்டத்திலேயே வேலைக்கும் சேர்ந்தாள். நெடுநாள் கழித்து என்னிடம் அவள் சொன்னது இது:

"இல்லாத அட்டைய எவ்வளவு நேரந்தான் மாஸ்டர் புடுங்குறது? எல்லாரையும் கூப்பிட்டாரு. நான் மட்டும் அவருக்கு யாரோ."

அன்றுமுதல் கங்காணி எவரையும் விரட்டவில்லை. பிந்தி வந்தால் பேசாமல் பேர் போட்டார். மலை அமைதியாயிற்று. பெண்களுக்கு அந்த அமைதி பொறுக்கவில்லை. "கத்தாத கங்காணியப் பாத்தா பயமா இருக்கு" என்றார்கள். அவரைச் சீண்டிக் கத்தவைக்கவேண்டும் என்றே சிலர் வேண்டுமென்று பிந்தி வந்தார்கள். நல்லதண்ணிப் பெண் ஒருநாள் கூடை நிறைய முற்றிய இலையைப் பறித்துவந்து அவர்முன் கொட்டினாள். அவர் அதைப் பார்த்துவிட்டு, "சரி, போ" என்றார். அவள் அழுதுவிட்டாள்.

அந்நாள்களில் ஒரு ஞாயிறு ஆமோஸ் நூலிலிருந்து பாடம் வந்தது. பூமியின் எல்லாக் குலங்களிலும் உங்களை மட்டுமே அறிந்துகொண்டேன், ஆகவே உங்களைத் தண்டிப்பேன் என்று இறைவன் தம் மக்களிடம் சொல்லும் இடம். அதைப் படித்துவிட்டு அவர் நூலை மூடினார். இரக்கம் வருமுன் அவர் மூடியது அந்த ஒரு நாள்தான். சோற்றை வடித்துவைத்து வந்திருந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டனர்.

வெளியே வந்தபின் கேட்டேன். "தன் புள்ளைன்னா கண்டிப்புக் கூடத்தான் மாஸ்டர். எழுதியிருக்கு," என்றார். அவர் என்னைப் பார்த்துப் பேசவில்லை.

அவருடைய மனைவி அதனைக் கேட்டுக்கொண்டு நின்றார். மெலிந்த உடம்பு, சிறிய குரல். அந்தக் குரலில் சொல்வதைக் கணவர் எப்போதும் குனிந்து செவிசாய்த்துக் கேட்பார். "போன்ல ஒரு வார்த்த சொன்னா வந்துருவா," என்றார் அம்மையார்.

"ஊர் கேக்க வெரட்டுனது. காதோட காதாக் கூப்பிட்டா அது கூப்பிட்டதாகுமா?"

"அப்ப ஊர் கேக்கக் கூப்பிடுங்க."

அவர் கூப்பிடவில்லை. ஐந்து மாத யாத்திரைக் காலமும் முடிந்தது. மழை தொடங்கியது. பாப்பா வரவில்லை.

எங்கள் ஆலயத்தில் ஆண்டுக்கு ஒரு ஞாயிறு மாதர் சங்கத்துக்கு உரியது. அன்று வழிபாடு முழுவதையும் பெண்களே நடத்துவர். அவ்வாண்டு பழைய ஏற்பாட்டுப் பாடத்தைக் கங்காணியின் மனைவி வாசிப்பதென்று முடிவாயிற்று. ஓசேயா, பதினோராம் அதிகாரம். அப்பகுதியைத் தெரிந்தெடுத்தவர் யாரென்று நான் விசாரிக்கவில்லை. நானல்லன் என்று மட்டும் உறுதியாகச் சொல்வேன்.

மழை விட்டு, பள்ளத்திலிருந்து பனி மேலேறிக்கொண்டிருந்த காலைப்பொழுது. அம்மையார் மூக்குக்கண்ணாடி அணிந்து, சிறிய குரலில் வாசித்தார். இஸ்ரயேல் சிறுபிள்ளையாய் இருந்தபோது இறைவன் அவனை நேசித்ததையும், கையைப் பிடித்து நடை பழக்கியதையும், குனிந்து உணவூட்டியதையும் வாசித்தார். முன்வரிசையில் ஒரு தாய் தன் குழந்தைக்கு ரொட்டித்துண்டைப் பிய்த்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள். பிறகு, அப்பிள்ளை திரும்பி வர மறுத்ததும், வாள் அவர்களுடைய நகரங்களில் பாயும் என்ற கடுஞ்சொல்லும் வந்தன. அங்கே அம்மையார் நிறுத்தினார்.

"இத்தோட பாடம் முடிஞ்சுது," என்று நூலை மூடினார்.

எவரும் அசையவில்லை. இத்தனை ஆண்டு பழக்கம்; எங்கள் செவிகளே அந்த இடத்தில் நிற்க மறுத்தன. ஆண்கள் பக்கத்துப் பின்வரிசையிலிருந்து, பல மாதங்களாக நாங்கள் கேளாத அந்த உரத்த குரல் எழுந்தது.

"மேல வாசி."

"எனக்குக் கண்ணு தெரியல," என்றார் அம்மையார். "நீங்க வந்து வாசிங்க."

அவர் எழுந்து வந்தார். மனைவி நூலை மீண்டும் திறந்து, விலகி நின்று, அந்த இடத்தில் விரலை வைத்துக் காட்டினார். அவர் வாசிக்கத் தொடங்கினார். எப்பிராயீமே, உன்னை நான் எப்படிக் கைவிடுவேன் என்று இறைவன் தம்மைத்தாமே கேட்கும் இடம் அது. எப்பிராயீம் என்பது அம்மக்களை இறைவன் அழைக்கும் பெயர். நம் வீடுகளில் பாப்பா என்பதைப்போலவே அங்கே ஒலிக்கிறது. தம் உள்ளம் குழம்புகிறது என்கிறார் இறைவன். சினத்தைச் செயற்படுத்தமாட்டேன், ஏனெனில் நான் மனிதனல்லன், கடவுள் என்கிறார். கடவுள் என்பதற்கு அடையாளமாக அவர் தம் வலிமையைக் காட்டவில்லை. சினத்தைக் கைவிட வல்லவர் என்பதையே காட்டுகிறார். சினத்தைப் பிடித்துக்கொண்டிருப்பது மனிதருடைய வேலை. அவ்வரியைக் கங்காணி இருமுறை வாசித்தார்.

அடுத்து, இறைவன் சிங்கம்போல் கர்ச்சிப்பார், அவர் கர்ச்சிக்கும்போது பிள்ளைகள் மேற்கிலிருந்து நடுங்கி வருவார்கள் என்ற வரி வந்தது. மேற்கு என்ற சொல்லில் அவர் நின்றுவிட்டார். தலையை நிமிர்த்தி, திறந்திருந்த கதவின் வழியே பார்த்தார். எங்கள் ஆலயத்தின் வாயில் மேற்கு நோக்கியது. எதிர்மலையில் பனி கலைந்து, லயங்களின் தகரக் கூரைகள் பளிச்சிட்டன. கீழே, குழாயிலிருந்து நீர் கொட்டும் பீலியருகே பெண்கள் துணி துவைத்துக்கொண்டிருந்தார்கள்.

நூலைத் திறந்தபடியே மனைவியின் கையில் கொடுத்துவிட்டு அவர் வெளியே நடந்தார். நாங்களும் எழுந்து பின்தொடர்ந்தோம். வழிபாட்டின் நடுவில் அவ்வாறு செய்யலாமா என்று மூப்பன் என்ற முறையில் நான் யோசித்திருக்கவேண்டும், யோசிக்கவில்லை. மேட்டின் விளிம்பில் நின்று, அவர் இரு கைகளையும் வாயருகே குவித்தார்.

"பாப்பா..."

பள்ளம் முழுதும் அது உருண்டது. எதிர்மலையில் நாய்கள் குரைத்தன. பீலியருகே குனிந்திருந்தவர்கள் நிமிர்ந்தார்கள்.

"பாப்பா! திரும்பு! பேர் போட்டாச்சு!"

மலை அதைத் திரும்பச் சொல்லி ஓய்ந்தது. பிறகு, தந்தையின் குரலையே கொண்ட ஒரு பெண்குரல் அங்கிருந்து வந்தது.

"ஞாயித்துக்கெழம ஏதுப்பா பேரு?"

எங்களுள் யாரோ சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. தொழிலின் முறைகளை மீறாதவர் அல்லவா? நெஞ்சு நிறைய மூச்செடுத்து விடை சொன்னார்.

"ஞாயித்துக்கெழமைன்னா ஒன்றரைப் பேரு! வா!"

நல்லதண்ணிப் பெண் என் பின்னால் நின்று, "போட்டுட்டாரு, போட்டுட்டாரு" என்று தேம்பித் தேம்பிச் சிரித்தாள். தோட்டத்தில் ஞாயிறு வேலைக்கு ஒன்றரை நாள் கூலி என்பது விதி. ஆனால் அன்று அவர் போட்ட பேருக்கு எந்த அலுவலகத்திலும் பதிவில்லை.

பீலியருகே ஒரு நிறம் அசைந்து, தேயிலைக்குள் இறங்கும் பாதையில் மறைந்தது. நாங்கள் காத்திருந்தோம். கங்காணி நின்றபடியே இருந்தார். எங்கோ பார்ப்பவர்போல நின்று, ஓரக்கண்ணால் ஓடைப்பாலத்தையே பார்த்தார்.

"என்ன இன்னும் காணோம்?" என்றார்.

"ஒங்க மலையில வேல பழகுனவ. மெதுவாத்தான் வருவா," என்றார் மனைவி. சற்றுப் பொறுத்து, எங்கள் எல்லாருக்கும் முன்னதாக, "அந்தா, பாலத்துக்கு வந்துட்டா" என்றார்.

"கண்ணு தெரியலன்னியே?"

"வாசிக்கத்தான் கண்ணு தெரியாது."

மகள் மேடேறி வந்ததும் தந்தை அவளிடம் சொன்ன முதற்சொல்லையும் எழுதிவிடுகிறேன்: "ஏன் லேட்டு?" அவளும் அதற்குச் சிரித்தாள், ஈரச் சேலையோடு தாயைக் கட்டிக்கொண்டு சிரித்தாள். பிறகு அவர்கள் உள்ளே வந்தார்கள். நின்ற இடத்திலிருந்து கங்காணி பாடத்தைத் தொடர்ந்தார். அவர்களை அவர்களுடைய வீடுகளில் குடியேற்றுவேன் என்ற வரியை வாசித்து, முகம் மலர்ந்து நூலை மூடினார். கடைசிப் பாட்டை அவரே எடுத்துக் கொடுத்தார். இராகம் எங்கோ போயிற்று. பாடுவதில் அவருக்கு அன்பு மிகுதி, திறமை இல்லை. இறைவன் தம் மக்களைக் குறித்துக் களித்துப் பாடுவார் என்று செப்பனியா சொல்வதை நான் ஒருமுறை அவருக்குக் காட்டியபோது, "அவரும் சத்தமாத்தான் பாடுவாரு" என்று முடிவுகட்டியவர் அவர். அன்று எவரும் அவரைத் தடுக்கவில்லை. எதிர்மலை வரைக்கும் கேட்டதாம்.

மறுநாள் காலை பெரட்டில் அவர் மூன்று பெண்களை விரட்டினாராம். மலை முழுதும் நிம்மதி.

அச்சிட்ட ஒரு பிழையைத் திருத்தப் புறப்பட்ட நானும் பிழை செய்திருக்கக்கூடும். முதுமையில் நினைவு தனக்கு இனியதைச் சேர்த்துக்கொள்ளும். ஓடைப்பாலத்தைக் கடந்தபின் பாப்பா மெதுவாக நடந்து வந்தாள் என்பது நான் கண்டது. இல்லை, ஓடி வந்தாள் என்று அவள் தாயார் இன்றும் சாதிக்கிறார். பாப்பாவைக் கேட்டால், இரண்டும் இல்லை, நடுவழியில் குந்திக் காலிலிருந்த அட்டையைப் பிடுங்கினேன் என்கிறாள், "இந்தத் தடவ நெசமான அட்டை மாஸ்டர்." அன்று எதிர்மலைப் பீலியருகே நின்றிருந்தவர்கள் எவரேனும் இதை வாசிக்க நேர்ந்தால், நடந்ததை எனக்குத் தெரிவிக்கவேண்டும், திருத்திக்கொள்வேன். வசனங்களின் பொருளை நான் பிறழ உரைத்திருந்தால், கற்றோர் அதனையும் சுட்டவேண்டும். அவர் மென்மையாக அழைத்தார் என்று மட்டும் எவரும் எழுதிவிட வேண்டா.